நில்சன் கணக்கில் பள்ளம் ஏன் விழவில்லை?

அன்புள்ள ஐயா,

முதுகலைத் திட்டப்பணிக்காக எர்பியம்-166 அணுக்கருவின் வடிவத்தை நில்சன் மாதிரியில் (வடிவம் சிதைந்த கருவில் ஒவ்வொரு துகளுக்கும் உரிய ஆற்றல் மட்டங்களைத் தரும் மாதிரி) கணக்கிடுகிறேன். 68 புரோட்டான், 98 நியூட்ரானைக் கீழிருந்து நிரப்பி மட்ட ஆற்றல்களைக் கூட்டினேன். எப்சிலானை (கரு கோளத்திலிருந்து எவ்வளவு நீண்டது என்ற அளவு) 0.5 வரை ஏற்ற ஏற்றத் தொகை இறங்கிக்கொண்டே போகிறது, ஆற்றல் மிகக் குறைவான பள்ளமே இல்லை. தோழி ஒருத்தி ஈயம்-186-ஐத் தன்னிசைவு முறையில் (துகள்கள் தாமே உண்டாக்கும் புலமும் அவற்றின் நிலைகளும் ஒத்துப்போகும் வரை திரும்பத் திரும்பக் கணக்கிடுவது) ஓட்டுகிறாள். தொடக்க வடிவத்தை மாற்றினால் அவளுக்கு விடையும் மாறுகிறது. யார் கணக்கில் பிழை?

முதுகலை மாணவி, திருமங்கலம்

அன்புள்ள மாணவிக்கு,

பிழை உங்களுடையதில்தான். தோழியின் கணக்கு அநேகமாகச் சரி.

பருமனை நீங்கள் கட்டவில்லை என்று நினைக்கிறேன். கரு நீண்டாலும் தட்டையானாலும் அதன் பருமன் மாறக்கூடாது. அதாவது மூன்று அச்சுகளிலும் துகள் அலையும் அதிர்வெண்களின் பெருக்கல் மாறிலி. அதற்கு 1-இலிருந்து எப்சிலான் வர்க்கத்தில் மூன்றிலொரு பங்கையும், எப்சிலான் கனத்தில் 27-இல் 2 பங்கையும் கழித்து, மிச்சத்தின் கனமூலத்தால் அடிப்படை அதிர்வெண்ணை வகுக்க வேண்டும். எப்சிலான் 0.3 என்றால் திருத்தம் வெறும் 1.1 சதவீதம். அற்பம் என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் ஷெல் (மட்டங்களின் தொகுப்பு) ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 41-ஐ நிறை எண்ணின் கனமூலத்தால் வகுத்தது, இங்கே சுமார் 7.5 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்). 166 துகளுக்கும் கூட்டினால் ஏறக்குறைய 6000 எம்.இ.வி. அதில் 1.1 சதவீதம் 60-க்கு மேல்! நாம் தேடும் ஷெல் விளைவோ சில எம்.இ.வி.தான்.

இன்னொன்று: அந்தத் திருத்தம் இல்லாத நில்சன் ஹாமில்டோனியன் எப்சிலானில் நேர்கோடு. நேர்கோடுகளில் எப்போதும் கீழே இருப்பதையே பொறுக்கிச் சேர்த்தால் கிடைப்பது மேடுதான், எத்தனை புள்ளி போட்டாலும் நடுவே பள்ளம் விழாது. உங்கள் வரைபடம் கணிதப்படி நியாயமாகவே நடந்துகொண்டிருக்கிறது.

திருத்தியபின் பள்ளம் வரும். அதையும் நம்பிவிடாதீர்கள். மட்ட ஆற்றல்களின் கூட்டல் மொத்த ஆற்றல் ஆகாது. துகள்களுக்கிடையேயான விசை அதில் இரட்டிப்பாக எண்ணப்படுகிறது. 1967-இல் இயற்பியலாளர் ஸ்ட்ருட்டின்ஸ்கி காட்டிய வழி இது: மொத்த ஆற்றலைக் கருவைத் திரவத்துளியாகக் கருதும் மாதிரியிலிருந்து எடுத்து, மட்டங்களின் கூட்டலுக்கும் மட்டங்களைப் பரப்பி மழுங்கடித்த கூட்டலுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சேர்ப்பது. மழுங்கடிக்கும் அகலம் ஷெல் இடைவெளியைப் போல் சுமார் 1.2 மடங்கு, திருத்தப் பல்லுறுப்பு ஆறாம் படி. அகலத்தைச் சற்றே கூட்டிக் குறைத்துப் பாருங்கள். விடை அசையாமல் நிற்க வேண்டும். அசைந்தால் பெரும்பாலும் மேல் ஷெல்கள் போதவில்லை. ஷெல் எண் 6-உடன் நிறுத்தாமல் 10 வரையாவது எடுங்கள்.

துகள்கள் ஜோடி சேரும் இணைவிசையும் வேண்டும். அதன் ஆற்றல் இடைவெளிக்கு 12-ஐ நிறை எண்ணின் வர்க்கமூலத்தால் வகுங்கள், உங்களுக்கு 0.93 எம்.இ.வி.

விடை எப்சிலான் 0.3-ஐ ஒட்டி வர வேண்டும். அட்டவணைகளில் இருப்பது பீட்டா என்ற வேறொரு வடிவ அளவு. எப்சிலான் அதில் சுமார் 0.95 பங்கு, இரண்டையும் குழப்ப வேண்டாம். கரு சிதைந்த வடிவம்தான் என்பதற்குச் சோதனைச் சான்றும் இருக்கிறது: 2+ மட்டம் (சுழற்சி 2 உள்ள நிலை) 80.6 கே.இ.வி. (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்), 4+ மட்டம் 265. விகிதம் 3.29, விறைப்பான சுழலிக்கு 3.33. தரைநிலையின் நான்முனைத் திருப்புதிறன் (கோளத்திலிருந்து விலகலைக் காட்டும் அளவு) சுழியம் என்று யாராவது மடக்கினால் அசராதீர்கள். சுழற்சி 0 உள்ள எந்த நிலைக்கும் ஆய்வக அளவீட்டில் அது சுழியம்தான். நாம் பேசும் வடிவம் கருவோடு சேர்ந்து சுழலும் அச்சில் இருப்பது.

இனி தோழி. நாகமலையின் ஒரு சரிவில் உருட்டிய கல் மறுபக்கம் போய் விழாது. தன்னிசைவுக் கணக்கும் தொடங்கிய பக்கத்துப் பள்ளத்திலேயே நிற்கும். ஈயம்-186-இல் அந்தப் பள்ளங்கள் நிஜமானவை. கோளம், தட்டை, நீள்வடிவம் என மூன்றுக்கும் உரிய 0+ நிலைகள் 650 கே.இ.வி.க்குள் அடங்கியிருப்பதை 2000-இல் வெளியான சோதனை காட்டியது. எனவே பீட்டாவை −0.4 முதல் 0.4 வரை கட்டிவைத்து ஒவ்வொரு புள்ளியிலும் ஓட்டி முழு வளைவையும் வரையச் சொல்லுங்கள். பிறகு காமா திசையிலும் (அச்சுச் சமச்சீர் குலையும் திசை) ஓட்ட வேண்டும். அச்சுச் சமச்சீரில் பள்ளமாகத் தெரிவது அந்தப் பக்கம் சரிந்து போகும் சேணப்புள்ளியாக இருக்கலாம்.