நடுவர் தவறினால் மைதானத்தை விட்டு வெளியேறலாமா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பையன்களைக் கொண்டு ஒரு கால்பந்து அணி நடத்தி வருகிறேன். பெரும்பாலோர் காப்பித் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அண்மையில் சேலத்தில் நடந்த ஒரு நாக் அவுட் போட்டியின் அரையிறுதியில், எங்கள் கோல்கீப்பர் கோட்டின் மேலேயே பிடித்துவிட்ட பந்தை நடுவர் கோல் என்று அறிவித்தார். பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு வாதாட, கேப்டனுக்குச் சிவப்பு அட்டை கிடைத்தது. பொறுக்க மாட்டாமல் அணியை வெளியே அழைத்து வந்துவிட்டேன். அடுத்த ஆண்டு எங்களுக்கு இடமில்லை என்று கமிட்டியார் சொல்லிவிட்டார்கள். அநியாயத்தைத் தட்டிக் கேட்டது குற்றமா?
– ஒரு பயிற்சியாளர், நாகலூர், ஏற்காடு

பதில்: கேட்டது குற்றமில்லை. ஆனால் கேட்ட விதம் உங்கள் பக்கத்து நியாயத்தைக் கெடுத்துவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கி வந்து ஆடிய பிள்ளைகள் வெறுங்கையோடு மலையேறியதை நினைத்தால் எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

முதலில் அந்தக் கோலைப் பார்ப்போம். பந்து முழுவதும் கோட்டைக் கடந்தால்தான் கோல். பந்தின் சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், அதாவது குறுக்களவு ஏறக்குறைய 22 சென்டிமீட்டர்; கோட்டின் அகலமோ 12 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. பந்து தரையைத் தொட்ட இடம் கோட்டுக்கு அப்பால் இருந்தாலும், அதன் புடைப்பு கோட்டின் விளிம்புக்கு மேலே சற்று நீட்டிக்கொண்டிருந்தால் அது கோல் அல்ல. இதைச் சரியாகச் சொல்ல வேண்டுமானால் கோட்டுக்கு நேராக நின்று பார்க்க வேண்டும். பெனால்டி பகுதியின் விளிம்பில், 16.5 மீட்டர் தள்ளி, நான்கைந்து ஆட்டக்காரர்கள் மறைத்து நிற்க, ஓடிக்கொண்டே பார்க்கும் ஒருவர் இதில் தவறுவது மிக எளிது. அதிலும் நம் ஊர் மைதானங்களில் சுண்ணாம்புக் கோடு இரண்டாம் பாதிக்குள் பூட்ஸ் பட்டுப் பட்டு அழிந்துபோய், கோல்கீப்பர் நிற்கும் இடத்தில் வெறும் மண்தான் மிஞ்சுகிறது. நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அதனாலேயே நடுவர் வஞ்சகம் செய்தார் என்று ஆகிவிடாது.

அந்த நேரத்தில் செய்யக்கூடியது ஒன்று இருந்தது. தன் தீர்ப்பு தவறு என்று உணர்ந்தாலோ, துணை நடுவர் (லைன்ஸ்மேன்) எடுத்துச் சொன்னாலோ, ஆட்டம் மறுபடி தொடங்குவதற்கு முன்னால் அதை மாற்றிக்கொள்ளும் உரிமை நடுவருக்கு உண்டு. தொடங்கிய பிறகு அவரே நினைத்தாலும் முடியாது. ஆகவே கோல் அறிவிப்புக்கும் நடுக்கோட்டிலிருந்து பந்தை உதைப்பதற்கும் இடையிலுள்ள அந்தச் சில நொடிகள் பொன் போன்றவை. கேப்டன் மட்டும் போய், “லைன்ஸ்மேனை ஒருமுறை கேளுங்கள் ஐயா” என்று சொல்லியிருந்தால் பலன் கிடைத்திருக்கக்கூடும். பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு கத்தும்போது, மனம் மாற நினைக்கும் நடுவர்கூட மாற்றத் துணிய மாட்டார், கூட்டத்துக்குப் பணிந்தார் என்ற பெயர் வந்துவிடும் அல்லவா?

வெளியேறியதைப் பற்றி இன்னும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) நாக் அவுட் ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில், கேரளா பிளாஸ்டர்ஸ் தடுப்பு வரிசை அமைத்து முடிப்பதற்குள் பெங்களூர் அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை விரைவாக அடித்துக் கோலாக்கினார். கேரள அணி மைதானத்தை விட்டு வெளியேறியது. பெங்களூருக்கு வெற்றி வழங்கப்பட்டது. பின்னர் கேரள கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதமும், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடையும் விதிக்கப்பட்டன. அந்த ஃப்ரீ கிக் சரியா, தவறா என்ற கேள்வி அத்தோடு பின்னுக்குப் போய், வெளிநடப்பே பேச்சாகிவிட்டது. உங்களுக்கும் இப்போது அதுதான் நேர்ந்திருக்கிறது.

இன்னொரு வழியையும் நாம் பார்த்திருக்கிறோம். 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில் சாங்தேயின் கோலால் இந்தியா முன்னணியில் இருந்தது. 73-ஆம் நிமிடத்தில், எல்லைக்கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்ட பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் கோல் அடித்தது. நடுவர் அதை ஏற்றுக்கொண்டார். நம் வீரர்கள் வாதாடினார்கள், பிறகு கடைசி வரை ஆடினார்கள், 1-2 என்று தோற்று அடுத்த சுற்று வாய்ப்பையும் இழந்தார்கள். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு எழுத்துமூலம் புகார் செய்தும் முடிவு மாறவில்லை. இருந்தாலும் இந்தியாவுக்கு அநீதி நடந்தது என்பதை மறுப்பவர் எவரும் இல்லை. ஆட்டத்தைக் கைவிட்டிருந்தால் அந்த ஒப்புதல் நமக்குக் கிடைத்திருக்காது.

கமிட்டியாருக்கும் ஒரு வார்த்தை: பயிற்சியாளரின் முடிவுக்காகப் பிள்ளைகளை ஓராண்டு ஒதுக்கி வைப்பது மிகை. வெளியேறியதற்கு வருத்தம் தெரிவித்து, தடையைத் தளர்த்தக் கோரி, அரையிறுதியிலிருந்தாவது பயிற்சி பெற்ற துணை நடுவர்களை நிறுத்தும்படி கேட்டு, ஒரு கடிதம் எழுதுங்கள். அந்தக் கோலைப் பற்றி அதில் இரண்டு வரி போதும்.

கேள்வி: எழுத்துமூலம் முறையிட்டு எந்த ஆட்டமாவது மாறியிருக்கிறதா? முறையீட்டுக் கட்டணம் வீண் செலவு என்கிறார்கள் எங்கள் கிளப்பில்.
– ஒரு கிளப் செயலாளர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: எதைப் பற்றி முறையிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பந்து கோட்டைக் கடந்ததா, கை பட்டதா என்பவை நடுவர் கண்ணால் கண்டு சொல்பவை. விதிப்படி அவற்றில் அவர் சொல்லே முடிவு. இவற்றுக்குக் கட்டணம் கட்டுவது உண்மையிலேயே வீண். ஆனால் கண்டதற்குப் பொருந்தாத விதியை நடுவர் கையாண்டிருந்தால் முறையீட்டுக்கு வலு உண்டு. 2005 செப்டம்பரில் உஸ்பெகிஸ்தான் – பஹ்ரைன் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில், உஸ்பெக் வீரர் பெனால்டியைக் கோலாக்கியபோது சக வீரர் ஒருவர் முன்கூட்டியே பெனால்டி பகுதிக்குள் நுழைந்துவிட்டார். விதிப்படி பெனால்டியை மறுபடி அடிக்கச் சொல்லியிருக்க வேண்டும். நடுவரோ எதிரணிக்கு ஃப்ரீ கிக் கொடுத்தார். 1-0 என்று வென்றிருந்த உஸ்பெகிஸ்தான்தான் முறையிட்டது. ஃபிஃபா ஆட்டத்தையே ரத்து செய்து மறுபடி ஆடச் சொன்னது; அது 1-1 என்று முடிந்து, கடைசியில் பஹ்ரைன் முன்னேறியது. முறையிடுவதற்கு முன் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். போட்டி விதித்தாளில் கால அவகாசம் எவ்வளவு என்பதை ஆட்டத்துக்கு முன்பே படித்து வைத்திருங்கள்.

கேள்வி: நான் புதிதாக நடுவர் பணிக்கு வந்தவன். ஒவ்வொரு விசிலுக்கும் வசவு விழுகிறது. அட்டை காட்டினால் திமிர் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஓர் இளம் நடுவர், சூரமங்கலம், சேலம்

பதில்: தயங்காமல் காட்டுங்கள். சொல்லாலோ சைகையாலோ எதிர்ப்புக் காட்டினால் மஞ்சள் அட்டை, இழிவாகப் பேசினால் சிவப்பு அட்டை என்பது கால்பந்து விதிகளில் 12-ஆம் விதி. ஐரோப்பிய நாடுகளுக்கான 2024 யூரோ போட்டியில் தீர்ப்பைப் பற்றிக் கேட்க கேப்டன் மட்டுமே நடுவரை அணுகலாம் என்று வகுத்தார்கள். ஆட்டத்தில் அமைதி கூடியதைத் தொலைக்காட்சியில் பார்த்த நாமே உணர்ந்தோம். நாணயம் சுண்டும்போதே இரு கேப்டன்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள். அவர்கள் மரியாதையாக வந்து கேட்டால், நீங்களும் ஒரே வரியில் காரணத்தைச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.