டியூஷன் நின்றுவிட்டது, தவணை நிற்கவில்லை

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளை ஆன்லைன் டியூஷனில் சேர்த்தோம். வீட்டுக்கு வந்த விற்பனைப் பிரதிநிதி, ‘பதினைந்து நாள் பாருங்கள், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்’ என்றார். ஆதார், பான் எண்களை வாங்கி, என் போனுக்கு வந்த ஓடிபியையும் அவரே பதிந்துகொண்டார். பத்தாம் நாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஆனாலும் மாதம் 2,500 ரூபாய் கணக்கிலிருந்து போகிறது. கணக்கில் பணம் வைக்காமல் விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அதை மட்டும் செய்யாதீர்கள். பணம் இல்லாமல் தவணை திரும்பினால் வங்கியும் அபராதம் பிடிக்கும், கடன் கொடுத்தவரும் பிடிப்பார். காசோலை திரும்பினால் வழக்குத் தொடுப்பதைப் போலவே, மின்னணுத் தவணை திரும்பினாலும் 2007ஆம் ஆண்டின் பணப் பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25ஆவது பிரிவில் வழக்குத் தொடுக்க இடமிருக்கிறது. நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது இந்தச் சிக்கலை ஏன் இழுத்துக்கொள்ள வேண்டும்?

முதலில் பாஸ்புக்கில் பணம் போன வரியைப் பாருங்கள். தானாகப் பணம் பிடிப்பதைக் குறிக்கும் ‘ஏசிஎச்’ (ACH) என்ற எழுத்துகளை ஒட்டி ஒரு பெயர் இருக்கும். பெரும்பாலும் அது டியூஷன் நிறுவனத்தின் பெயராக இருக்காது. நீங்கள் கேள்விப்பட்டிராத ஒரு நிதி நிறுவனத்தின் பெயராக இருக்கும். அப்படியானால் நீங்கள் கட்டுவது டியூஷன் கட்டணம் அல்ல, உங்கள் பெயரில் எடுக்கப்பட்ட கடன். மொத்தக் கட்டணத்தையும் நிதி நிறுவனம் டியூஷன்காரர்களுக்குத் தொடக்கத்திலேயே கொடுத்திருக்கும். அன்று பதிந்த ஓடிபிதான் அந்தக் கடனுக்கு உங்கள் கையெழுத்து. ‘கடன்’ என்ற சொல்லையே உச்சரிக்காமல் ஒரு குடும்பத்தைக் கடனாளியாக்கும் இந்த விற்பனை முறை எனக்குக் கடும் கோபத்தைத் தருகிறது. தானாகப் பணம் பிடிக்கும் வசதியைத் தவிர்க்கும்படி மத்தியக் கல்வி அமைச்சகம் 2021 டிசம்பரிலேயே பெற்றோரை எச்சரித்தது.

ஆகவே டியூஷன் நிறுவனம், நிதி நிறுவனம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். சேர்ந்த நாள், வேண்டாம் என்று சொன்ன நாள், மகள் கடைசியாகப் பாடம் பார்த்த நாள், பிரதிநிதியின் வாட்ஸ்அப் செய்திகள் எல்லாம் அதில் இருக்கட்டும். டியூஷன் நிறுவனம் பணத்தை நிதி நிறுவனத்துக்குத் திருப்ப வேண்டும். கடன் முடிந்ததற்கு நிதி நிறுவனம் சான்று தர வேண்டும் என்று கேளுங்கள். கடன் ஒப்பந்தத்தையும், கடனின் நிபந்தனைகளைச் சுருக்கமாகச் சொல்லும் முக்கியத் தகவல் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கடன்களுக்கு இவற்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அபராதமின்றிக் கடனைக் கைவிட எத்தனை நாள் அவகாசம் என்பதும் அந்த அறிக்கையில் இருக்கும். அந்த அவகாசம் ஒரே நாளாகக்கூட இருக்கலாம். அது கடந்திருந்தாலும் பதினைந்து நாள் வாக்குறுதியை வைத்து டியூஷன் நிறுவனத்தைக் கேட்கும் உரிமை போய்விடாது.

தொலைபேசியில் பேசி என்ன பயன்? அவர்கள் இவர்களைக் கேட்கச் சொல்வார்கள், இவர்கள் அவர்களைக் கேட்கச் சொல்வார்கள். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே இலவசமாகப் புகார் செய்யலாம். டியூஷன் நிறுவனத்தின் மீது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை.

அதுவரை, முடிந்தால் ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று எழுதிவிட்டுத் தவணையைக் கட்டுங்கள். காரணம் உங்கள் மகள்தான். சில ஆண்டுகளில் அவள் கல்லூரிக்குக் கல்விக் கடன் கேட்கும்போது, இணைக் கடனாளியாகக் கையெழுத்திடும் பெற்றோரின் சிபில் மதிப்பெண்ணையும், அதாவது பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினார்களா என்று காட்டும் மதிப்பெண்ணையும், வங்கி பார்க்கும். கட்டவே முடியாத நிலை என்றால், பணம் பிடிக்கும் அனுமதியை ரத்து செய்ய உங்கள் வங்கியில் எழுதிக் கொடுக்கலாம். தானாகப் பிடிப்பது நிற்கும், கடன் நிற்காது.

நிதி நிறுவனத்தின் செயலி போனில் இருந்தால் அனுமதிகளைப் பாருங்கள். உங்கள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் கடன் செயலிகள் தொடக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. திறந்திருந்தால் உடனே மூடுங்கள்.

கடன் முடிந்த பிறகு சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். இன்னும் பாக்கி என்று காட்டினால் புகார் செய்யுங்கள். 30 நாளுக்குள் திருத்தாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு வர வேண்டும்.