மட்டமான நிலத்தில் ஒரு வகுப்பறை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பல்கலைக்கழகத்தில் நிலவெளி வடிவமைப்பும் (லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர்) நகரமைப்பும் கற்பிக்கும் என் தொழிலைப் பற்றி எழுதியபோது, வடசென்னையை ஒதுக்கிவிட்டு இவ்விரண்டையும் இந்த நகரத்தில் கற்பிக்க இயலாது என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில்.

என் மகள் பிளஸ் டூ முடிக்கப்போகிறாள். லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்க வேண்டும் என்கிறாள். தோட்டம் போடுவதற்குப் பல்கலைக்கழகப் படிப்பு எதற்கு?
– தந்தை ஒருவர், கொருக்குப்பேட்டை

தோட்டம் போடுவதும் எளிய வேலை அன்று. ஆனால் தங்கள் மகள் கேட்பது வேறு படிப்பு. மழைநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும், மண்ணை எங்கே வெட்டி எங்கே நிரப்ப வேண்டும், வெள்ளம் வந்தால் எந்த இடம் முதலில் நனையலாம், எந்த இடம் நனையவே கூடாது, பேருந்து நிறுத்தத்திலிருந்து மருத்துவமனை வாசல்வரை நடக்கும் முதியவருக்கு நிழல் எங்கிருந்து கிடைக்கும் என்பவற்றையெல்லாம் கட்டடம் எழும்புவதற்கு முன்பே தீர்மானிப்பது இத்துறை. செடிகொடிகள் அதன் கடைசி அத்தியாயம்.

நம் நாட்டில் இது பெரும்பாலும் முதுநிலைப் படிப்பாகவே இருக்கிறது. முதலில் 5 ஆண்டு பி.ஆர்க். படிக்க வேண்டும்; அதற்குப் பிளஸ் டூவில் கணிதமும் நாட்டா என்னும் நுழைவுத்தேர்வும் தேவை. அதன் பிறகு 2 ஆண்டு எம்.ஆர்க். கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளியில் நிலவெளி வடிவமைப்பு, நகரமைப்பு ஆகிய இரண்டுமே கற்பிக்கப்படுகின்றன. நகரமைப்புக்கான எம்.பிளான். படிப்பின் வாசல் சற்று அகலமானது. சிவில் பொறியியல், புவியியல், பொருளியல், சமூகவியல் படித்தவர்களும் அதில் நுழையலாம். தனியார் கல்லூரி என்றால், 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

தனியார் கல்லூரி ஒன்றில் ஆசிரியையாகச் சேர்ந்து ஓராண்டாகிறது. மாணவர்களைச் சைட் விசிட்டுக்கு அழைத்துச் சென்றால் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சைட் அனாலிசிஸ் ஷீட்டில் ஒரு சூரியன், காற்றுக்கு நான்கு அம்புக்குறி, அவ்வளவுதான். எப்படி மாற்றுவது?
– ஆசிரியை, பெரம்பூர்

அந்தச் சூரியனையும் அம்புக்குறிகளையும் நானும் என் மாணவப் பருவத்தில் வரைந்திருக்கிறேன், மதிப்பெண்ணும் கொடுத்தார்கள். தவறு மாணவரிடம் மட்டும் இல்லை. பார்ப்பதற்கு எதுவும் இல்லாததுபோல் தோன்றும் இடத்தில் பார்க்கக் கற்பிப்பதே நம் வேலை என்பதை நாம் பல நேரம் மறந்துவிடுகிறோம். மலைச்சரிவையோ அழகான ஏரிக்கரையையோ கொடுத்தால் எவரும் வரைந்துவிடுவார்கள். ஆகவே முதல் ஸ்டுடியோவுக்கு, அதாவது முதல் வடிவமைப்புப் பயிற்சிக்கு, நான் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பகுதியைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ‘வடசென்னை மட்டமான நிலம்’ என்று சொன்னதும் வகுப்பில் சிரிப்பு எழும். அந்தச் சிரிப்பிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

அந்தப் பகுதிக்கு ஒரு மீட்டர் உயர இடைவெளியில் சமவுயரக்கோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்டால் ஷீட்டில் ஒரு கோடு விழுந்தாலே அதிகம். மாணவர் அதைப் பார்த்து நிலம் சமதளம் என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவார். தண்ணீருக்கோ கால் மீட்டர் வேறுபாடே போதுமானது. அதனால் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலையும் அளவுகோலான ஸ்டாஃபையும் கையில் கொடுத்து, கால் மீட்டர் இடைவெளியில் கோடுகள் வரும்வரை தெருத்தெருவாக அளக்கச் சொல்லுங்கள். அளந்து முடித்த பிறகு அதே தெருக்களில் வீடுவீடாகச் சென்று, 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எந்தப் படிவரை ஏறிற்று என்று கேட்கச் சொல்லுங்கள். சுவரில் கறை காட்டுவார்கள். கறை இல்லாவிட்டால் பீரோவைத் தூக்கிவைத்த செங்கல்லின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். இவ்விரண்டு தகவல்களையும் ஒரே தாளில் குறித்தால், மாணவர் தாமாகவே ஒன்றைக் கண்டுபிடிப்பார்: பழைய வீடுகளில் பலவற்றுக்குத் தெருவிலிருந்து படியிறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டால் தெரு உயர்கிறது, வீடு தாழ்கிறது. அந்தத் தெருவின் குறுக்குவெட்டுப் படம் ஒன்று, என் நான்கு மணி நேர விரிவுரையைவிடப் பயனுள்ளது.

அடுத்ததாக ஆவணங்களைப் படிக்கக் கற்பியுங்கள். வருவாய்த்துறையின் கிராம வரைபடம், புல அளவை வரைபடம், ‘அ’ பதிவேடு ஆகியவற்றில் வாய்க்கால் புறம்போக்கு, குட்டை, மேய்க்கால் என்று எழுதியிருப்பதை ட்ரேசிங் தாளில் எடுத்து, இன்றைய வரைபடத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயன் மெக்ஹார்க் மண், நீர், தாவரம் ஆகியவற்றைத் தனித்தனித் தாளில் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கற்பித்த முறை உலகெங்கும் பரவியது. நமக்கு அந்த அடுக்கில் வருவாய்த்துறைத் தாள் ஒன்றும் கட்டாயம் வேண்டும். கால்வாய் எங்கே மறைந்தது என்பதை மண் சொல்லாது, பதிவேடு சொல்லும்.

இன்னும் பழைய முன்னோடி ஒருவர் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறார். 1914-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ், அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்து ஊர்களைப் பற்றி அறிக்கை எழுதினார். அடிப்படையில் அவர் உயிரியலாளர். நோயாளியைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதும் மருத்துவரைப்போல ஊருக்குள் நடக்காமல் கோடு போடுபவர்களை அவர் ஏற்கவில்லை. தெருவை இடித்து அகலப்படுத்துவதற்குப் பதிலாக, தேவையான இடத்தில் மட்டும் சிறிதளவு அகற்றி மற்றதைக் காக்கும் முறையை வலியுறுத்தினார். நம் கல்லூரிகளில் அவர் பெயர் தேர்வுக்கு வரும் ஐந்து மதிப்பெண் குறிப்பாகச் சுருங்கிப்போனது எனக்கு வருத்தமே.

மாணவர் வரைந்ததைத் தேர்வாளர்கள் கூடி மதிப்பிடும் ஜூரி ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எண்ணூர் முகத்துவாரத்துக்கு ஒரு மாணவர் புல்வெளி, மரப்பலகை நடைபாதை, இருக்கைகள் எல்லாம் வைத்து அருமையாக வரைந்திருந்தார். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பாராட்டினார். நான் அழைத்திருந்த மீனவப் பெரியவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, படம் நல்லா இருக்கு. தண்ணி ஏறினா இந்தப் பாலம் எங்க இருக்கும்? நான் வலைய எங்க உலர்த்துறது?” என்று கேட்டார். மாணவருக்கு விடை தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. அதன் பிறகு, அந்த இடத்தில் பிழைப்பவர் ஒருவராவது அமராமல் நான் ஜூரி வைத்ததில்லை. அவருக்கும் மற்ற தேர்வாளர்களுக்குத் தரும் அதே மதிப்பூதியத்தை வாங்கித் தாருங்கள். கணக்குப் பிரிவில் சண்டை போட வேண்டிவரும், போடுங்கள்.

தென்சென்னையில் பூங்காவுக்குப் பூங்கா. எங்களுக்கு ஏன் இல்லை? திட்டமிட்டவர்கள் எங்களை மறந்துவிட்டார்களா?
– வாசகர், இராயபுரம்

மறதி பாதி, காலம் பாதி. தமிழ்நாட்டின் இன்றைய விதிகளின்படி 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையை வளர்ச்சிக்கு எடுத்தால் 10 விழுக்காட்டைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். புதிதாகப் பெரிய நிலங்களைப் பிரிக்கும் ஊருக்குத்தான் இந்த விதி பூங்கா தரும். இராயபுரமும் வண்ணாரப்பேட்டையும் தண்டையார்பேட்டையும் நகர் ஊரமைப்புச் சட்டம் வந்த 1971-க்கு வெகுமுன்பே சிறுசிறு மனைகளாகப் பிரிந்து நிறைந்துவிட்டன. நடுவண் அரசின் வழிகாட்டி நெறிகள் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன. அந்தக் கணக்கை உங்கள் வார்டுக்குப் போட்டுப் பார்க்கும்படி மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால், மறுநாள் வகுப்பு அமைதியாக இருக்கும்.

இருந்ததும் போயிற்று. ஆளுநர் டிரெவிலியன் காலத்தில் சென்ட்ரல் அருகே 116 ஏக்கரில் அமைந்த மக்கள் பூங்கா, மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு கரைந்தது. உங்கள் கடற்கரை கரைந்த கதை இன்னும் கூர்மையானது. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1870-களில் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் கட்டத் தொடங்கியதும் மணல் தெற்கே தங்கி மெரினா அகலமாயிற்று, வடக்கே மணல் வராமல் இராயபுரம் தொடங்கி அரிப்பு ஏற்பட்டு இன்று கருங்கல் கொட்டிய கரையாக நிற்கிறது. ஒரு கட்டுமானத்தின் ஆதாயம் ஒரு பேட்டைக்கும் செலவு இன்னொரு பேட்டைக்கும் போனதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு என்னிடம் இல்லை.

நகரின் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் தொழிற்சாலை நிலத்துக்கு ஊதா, குடியிருப்புக்கு மஞ்சள். மணலியை ஊதாவாக நிரப்பிவிட்டு மாணவர் எழுந்துவிடுவார். மேற்கிலிருந்து காற்று வீசும் இரவில் அந்த ஊதாவின் வாடை திருவொற்றியூரின் மஞ்சளுக்குள் வருவதற்கு வண்ணம் கிடையாது.

பெரிய பூங்காவுக்கு இனி இடம் தேடுவதில் பயன் குறைவு என்பது என் கருத்து. பக்கிங்காம் கால்வாயின் கரை, கேப்டன் காட்டன் கால்வாயின் கரை, ரயில்வே பாதையோரம், மாலையில் பூட்டிக்கிடக்கும் பள்ளி மைதானம் ஆகியவற்றைத் துண்டு துண்டாக இணைப்பதே நடக்கக்கூடியது. சிறிய இடம் போதாது என்று எண்ண வேண்டாம். 1949-இல் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் கூட்டம் நடந்தது உங்கள் ராபின்சன் பூங்காவில்தான்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் தெருவில் மரம் நட விரும்புகிறது. எந்த மரம்?
– செயலாளர், திருவொற்றியூர்

பூவரசு, புங்கன், வேம்பு. உப்புக்காற்றையும் மணற்பாங்கான மண்ணையும் பூவரசு நன்றாகத் தாங்கும். 2016 வர்தா புயலில் விழுந்தவற்றுள் பூவுக்காக நட்ட வெளிநாட்டு மரங்கள் மிகுதி. எந்த மரமானாலும் அடிமரம்வரை சிமென்ட் பூசாதீர்கள். ஒரு மீட்டர் சதுரமாவது மண் திறந்திருக்கட்டும்.

எனக்கு ஆட்டோகேடும் ஜி.ஐ.எஸ்ஸும் நன்றாகத் தெரியும். கையால் வரைய வராது. எம்.பிளான். படிக்கலாமா?
– மாணவர், எர்ணாவூர்

தாராளமாகப் படிக்கலாம். ஜி.ஐ.எஸ். என்னும் வரைபட மென்பொருள் இல்லாமல் இன்று நகரமைப்பு நடவாது, அவற்றுள் ஒன்றான கியூ.ஜி.ஐ.எஸ். இலவசமாகவே கிடைக்கிறது. அழகாக வரைய வேண்டியதில்லை, ஆனால் களத்தில் குறிப்பெடுக்கக் கை பழக வேண்டும். ஓட்டேரி நல்லா என்னும் கால்வாயின் கரையில் உச்சிவெயிலில் நின்றால் டேப்லெட் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். 2பி பென்சிலும் கெட்டி அட்டை போட்ட நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மைப்பேனா வேண்டாம், வியர்வையில் கரைந்துவிடும்.