தினமும் கடைச் சாப்பாடு: கடையை விடுவதா, தட்டை மாற்றுவதா?

கேள்வி: எனக்கு வயது 42. வேலை மாற்றலால் மூன்று ஆண்டுகளாகத் தனியாக இருக்கிறேன். சமைக்கத் தெரியாது. மதியமும் இரவும் அலுவலகத்துக்குப் பக்கத்திலுள்ள சின்ன உணவகத்தில்தான் சாப்பிடுகிறேன். அதை ஈடுகட்டக் காலையில் எதுவும் சாப்பிடுவதில்லை. எடை 6 கிலோ கூடிவிட்டது. அண்மைப் பரிசோதனையில் ரத்த அழுத்தம் 138/88, வெறும் வயிற்றுச் சர்க்கரை 112, டிரைகிளிசரைடு (ரத்தத்திலுள்ள ஒருவகைக் கொழுப்பு) 210. மருந்து எதுவும் எடுக்கவில்லை. கடைச் சாப்பாட்டை அடியோடு நிறுத்திவிட வேண்டுமா? இரவில் வெறும் சாலட் சாப்பிட்டால் போதுமா?

பதில்: நிறுத்த வேண்டாம். சமைக்கத் தெரியாதவரிடம் "இனி வீட்டுச் சாப்பாடுதான்" என்று சொல்லி அனுப்பினால், இரண்டு வாரம் பிஸ்கட்டிலும் பழத்திலும் காலம் தள்ளுவார். மூன்றாவது வாரம் பசியோடு அதே மேசைக்குத் திரும்பி வந்து முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுவார். மூன்று ஆண்டுகளாக ஒரே கடைக்குப் போகிறீர்கள் என்பதே உங்கள் பலம். முதல்முறை வருகிறவர் "எண்ணெய் குறைவாக" என்றால் காதில் வாங்காத சமையற்காரர், தினமும் வருகிறவர் கேட்டால் செய்து கொடுப்பார். அந்த உரிமையை நீங்கள் இதுவரை எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் எண்களைப் பார்ப்போம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. டிரைகிளிசரைடு 150க்குள் இருக்க வேண்டும். ரத்தம் கொடுப்பதற்குச் சில மணி நேரத்துக்கு முன் சாப்பிட்டிருந்தால் கூடுதலாகக் காட்டும் என்பதால், அன்று உண்மையிலேயே வெறும் வயிறா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ரத்த அழுத்தம் 140/90ஐத் தொடவில்லை, ஆனால் 120/80ஐத் தாண்டி நன்றாகவே மேலே இருக்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எல்லைக்கோட்டில் நிற்பவை, டிரைகிளிசரைடு அதைத் தாண்டிவிட்டது. ஆனால் மூன்றும் உணவையும் நடையையும் மாற்றினாலே இறங்கக்கூடியவை.

உங்கள் தட்டில் நான் முதலில் கை வைக்க நினைப்பது குழம்பில்தான். வெளியே சமைக்கும் உணவில் உப்பும் எண்ணெயும் பெரும்பாலும் அதில்தான் ஒளிந்திருக்கின்றன. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். எண்ணெயோ கிராமுக்கு 9 கலோரி. ஒரு மேசைக்கரண்டி கூடுதலாகச் சேர்ந்தால் சுமார் 120 கலோரி, அதுவும் வயிறு நிறைந்த உணர்வைத் தராமல். எனவே குழம்பைத் தட்டில் ஊற்றச் சொல்லாதீர்கள். தனிக் கிண்ணத்தில் வாங்கி, அதிலுள்ள காயையோ இறைச்சியையோ கரண்டியால் எடுத்துக்கொண்டு, சாற்றில் பாதியைக் கிண்ணத்திலேயே விட்டுவிடுங்கள். காசு கொடுத்ததை மிச்சம் வைப்பதா என்று மனம் உறுத்தும். உறுத்தட்டும். ஊறுகாய், சாஸ், மேசையிலிருக்கும் உப்புக் குப்பி மூன்றையும் கைக்கு எட்டாத பக்கம் தள்ளி வையுங்கள். முதல் சில வாரங்கள் எல்லாம் சப்பென்று இருக்கும். பிறகு நாக்கு பழகிவிடும். பழைய அளவே கரிக்கத் தொடங்கும்.

பொரித்ததை முழுவதும் விலக்கச் சொல்லமாட்டேன், வாரத்துக்கு ஒரு முறை போதும். அதற்கு முன் வாணலியை ஒரு பார்வை பாருங்கள். எண்ணெய் கறுத்து, அடங்காமல் நுரைத்து, புகைந்துகொண்டிருந்தால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். அன்று வேறு ஏதாவது கேளுங்கள்.

சாப்பாட்டோடு குளிர்பானம் குடிப்பீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. குடிப்பீர்கள் என்றால் டிரைகிளிசரைடு 210 ஆனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 300 மில்லி பானத்தில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. மதுவும் டிரைகிளிசரைடை ஏற்றும். இதை உங்கள் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இனி சாலட். இரவில் வெறும் சாலட் உங்களைத் தாங்காது. பத்து மணிக்குப் பசித்து நொறுக்குத் தீனியைத் தேடுவீர்கள். அதோடு, சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறியைவிடச் சூடாக வேகவைத்தது பாதுகாப்பானது. தட்டில் பாதி வெந்த காய்கறி, கால்பங்கு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால்பங்கில் சோறோ ரொட்டியோ. காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்துக்கு வாருங்கள். சர்க்கரை மெதுவாக ஏறும். "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்டால் உடனே தலையாட்டாதீர்கள். வயிறு நிறைந்த சேதி மூளைக்குப் போய்ச்சேர ஏறக்குறைய 20 நிமிடமாகும். அதற்குள் கடையை விட்டு வெளியே வந்து ஒரு கால்மணி நேரம் நடந்துவிடுங்கள்.

காலைப் பட்டினியை விட்டுவிடுங்கள். உங்கள் விஷயத்தில் அது எதையும் ஈடுகட்டியதாகத் தெரியவில்லை, 6 கிலோ கூடித்தான் இருக்கிறது. சமையல் தெரியாதவரும் முட்டையை வேகவைக்கலாம், ஒரு பழமும் கைப்பிடி நிலக்கடலையும் சாப்பிடலாம்.

ஒரு வாரம் காலையிலும் மாலையிலும், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் ரத்த அழுத்தத்தை அளந்து எழுதிவையுங்கள். ஒரே ஓர் அளவீட்டை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. ஹெச்பிஏ1சி பரிசோதனையை இப்போதே ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அது ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் என்பதால், அடுத்தது மூன்று மாதம் கழித்துத்தான். இரண்டு முடிவுகளையும் அந்த ஏட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள். இடையில் நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத்திணறலோ வந்தால் மூன்று மாதக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.