தோள் பொருந்தினால் மார்பு இறுக்குகிறது: அன்றாட உடை அமையாத பெண்களுக்கு

கேள்வி: எனக்கு வயது 47. வேலைக்குப் போட்டுக்கொள்ள நல்லதாக நாலு டாப்ஸ், இரண்டு பேண்ட் தேடித் தேடி அலுத்துவிட்டது. தோள் சரியாக இருந்தால் மார்பில் பட்டன் பிளக்கிறது. மார்புக்கு ஏற்ற சைஸ் எடுத்தால் தோள் இறங்கிக் கழுத்து அகன்றுவிடுகிறது. தொடைக்குப் பொருந்தும் பேண்ட் இடுப்பில் நிற்பதில்லை. கிடைப்பதெல்லாம் ஒன்று இருபது வயதுக்காரிக்கான வெட்டு, இல்லையென்றால் உருவமே தெரியாத பை. தப்பித் தவறி ஒன்று அமைந்தாலும் நாலு சலவையில் தொய்ந்துபோகிறது. உடம்பைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. சொல்லப்போனால், உடம்பைக் குறைத்தாலும் நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளில் பாதி அப்படியேதான் இருக்கும். அவை பருமனால் வருபவை அல்ல, விகிதத்தால் வருபவை.

ஆயத்த ஆடை தைப்பவர்கள் ஒரு நடுத்தர சைஸை மட்டும்தான் மாதிரிப் பெண் ஒருவர் மேல் போட்டுப் பார்த்து வெட்டைச் சரிசெய்கிறார்கள். மற்ற சைஸ்கள் அந்த வெட்டிலிருந்து குறிப்பிட்ட அளவைக் கூட்டியும் குறைத்தும் பெறப்படுபவை. சைஸ் ஏறும்போது மார்போடு தோள், கழுத்து, கைக்குழி (கையைப் பொருத்தும் வளைவு) எல்லாமே சேர்ந்து அகலும். நம் உடம்பு அப்படி வளர்வதில்லை. சதை கூடினால் மார்பும் வயிறும் மேல்கையும் பெருக்கும், தோள் எலும்பு இருந்த இடத்திலேயே இருக்கும். அதனால்தான் மார்புக்காக ஒரு சைஸ் கூட்டினால் தோள் சரிகிறது. அதோடு, தையல் வரைபடங்களில் பெரும்பாலானவை மார்புக்கு மேலே அக்குளை ஒட்டி எடுக்கும் சுற்றளவுக்கும், மார்பின் முழுச் சுற்றளவுக்கும் 2 இன்ச் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டு வரையப்படுகின்றன. உங்களுக்கு அந்த வித்தியாசம் 3 அல்லது 4 இன்ச்சாக இருந்தால் எந்த சைஸை எடுத்தாலும் ஏதாவது ஓர் இடம் உதைக்கும்.

வயதும் தன் பங்கைச் செய்கிறது. மேல்முதுகு லேசாக வளைகிறது, தோள்கள் முன்னால் வருகின்றன, மார்பு ஓரிரு இன்ச் இறங்குகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி உடம்பில் கொழுப்பு சேரும் இடமும் தொடையிலிருந்து வயிற்றுப் பக்கம் மாறுகிறது. எடை இயந்திரம் அதே எண்ணைக் காட்டினாலும் பழைய சைஸ் பொருந்தாமல் போவதற்கு இதுதான் காரணம்.

சைஸ் எண்ணை நம்பாதீர்கள் என்று சொல்வதற்கு ஒரு வரலாறும் உண்டு. அமெரிக்காவில் 1939-40இல் ரூத் ஓ'பிரையன், வில்லியம் ஷெல்டன் என்ற ஆய்வாளர்கள் தலைமையில் சுமார் 15,000 பெண்களை அளந்தார்கள். 1958இல் வெளியான பெண்கள் ஆடை அளவுத் தரம் அந்தத் தரவை வைத்து உருவானது. தயாரிப்பாளர்களைக் கட்டுப்படுத்தாத அந்தத் தரத்தை 1983இல் அரசே விலக்கிக்கொண்டது. அதன்பின் நிறுவனத்துக்கு ஓர் அட்டவணை என்றாகி, எண்ணைச் சிறிதாகப் போட்டால் வாங்குபவர் மகிழ்வார் என்ற வணிகக் கணக்கும் சேர்ந்துகொண்டது. ஒரு நிறுவனத்தின் ‘எம்’ இன்னொன்றின் ‘எக்ஸ்எல்’ ஆக இருப்பது உங்கள் உடம்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

ஆகவே சைஸைத் தேடாதீர்கள், தோளைத் தேடுங்கள். எலும்பு இருக்கும் இடத்தில் உடை பொருந்தியே ஆக வேண்டும், ஏனென்றால் அங்கே திருத்துவது கடினம். சதை இருக்கும் இடத்தில் தளர்வாக இருந்தால் பிடித்துத் தைத்துக்கொள்ளலாம்.

முதலில் உங்கள் அளவுகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றாடம் போடும் உள்ளாடையோடு அளக்க வேண்டும். பழைய, தொய்ந்த உள்ளாடை மார்பை 1 இன்ச் இறக்கிக் காட்டும், அதை மாற்றினாலே சில சட்டைகள் சரியாக உட்காரும். ஒரு கையைப் பக்கவாட்டில் தோள் மட்டத்துக்குத் தூக்குங்கள். தோளின் முனையில் சிறு குழி விழும். அதுதான் தோள் எலும்பின் முடிவு. ஒரு குழியிலிருந்து மறு குழிவரை முதுகுப்புறமாக அளந்தால் தோள் அகலம். பிறகு மார்புக்கு மேல் சுற்றளவு, மார்பின் முழுச் சுற்றளவு, கழுத்தடித் தோளிலிருந்து மார்பு முனைவரை நீளம், மேல்கையின் மிகப் பருத்த இடம். கீழாடைக்கு இடுப்புச் சுற்றளவையும் புட்டச் சுற்றளவையும் எடுங்கள். புட்டத்தை உட்கார்ந்த நிலையிலும் ஒருமுறை அளக்க வேண்டும், உட்கார்ந்தால் அது கூடும். நின்றுகொண்டு மட்டும் பார்த்து வாங்கிய பேண்ட் நாற்காலியில் வதைப்பது இதனால்தான்.

இந்த எண்களை உடையின் எண்களோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. நீளாத நெய்த துணி என்றால் மார்பில் உடம்பளவைவிட 3 முதல் 4 இன்ச், மேல்கையில் 2 இன்ச், புட்டத்தில் 2 முதல் 3 இன்ச் கூடுதலாக இருந்தால்தான் அசைய முடியும். பின்னலாடைக்கு, அதாவது டி-ஷர்ட் வகைத் துணிக்கு, மார்பில் 1 இன்ச் கூடுதல் போதும், உடம்பளவே இருந்தாலும் தவறில்லை. இணையத்தில் வாங்கும்போது உடம்பளவு அட்டவணை, உடையளவு அட்டவணை என்று இரண்டு இருக்கும். தோள் அகலம் கொடுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் உடையளவில்தான். அது இல்லாத இடத்தில் சட்டை வாங்குவது குருட்டாம்போக்கு.

போட்டுப் பார்க்கும் அறையில் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் தோள் தையலைத் தொட்டுப் பாருங்கள். அது தோள் முனையில் விழுந்த அந்தக் குழியில் முடிய வேண்டும். அரை இன்ச் தள்ளி இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு இன்ச் இறங்கினால் வேண்டாம், வேண்டுமென்றே இறக்கித் தைத்த தோளாக இருந்தாலொழிய. அடுத்து இரண்டு கைகளையும் தூக்குங்கள். சட்டை முழுவதும் மேலே ஏறினால் கைக்குழி தாழ்வாக வெட்டப்பட்டிருக்கிறது. பலர் இதைத் தலைகீழாக நினைக்கிறார்கள். பெரிய கைக்குழி வசதி என்று தோன்றும், ஆனால் அக்குளிலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறதோ அவ்வளவுக்கு கையின் அசைவு பக்கத் தையலையே இழுக்கும். அக்குளிலிருந்து ஓர் இன்ச் கீழே முடியும், ஒட்டிய கைக்குழிதான் நடமாட வசதியானது, பார்க்கவும் கச்சிதமானது. தாழ்ந்த கைக்குழியை எந்தத் தையல்காரராலும் மேலே ஏற்ற முடியாது, அங்கே துணியே இல்லை.

பிறகு சுருக்கங்களைப் படியுங்கள். துணியில் விழும் கோடு எப்போதும் தொல்லை இருக்கும் இடத்தைச் சுட்டும். மார்பின் குறுக்கே நேர்க்கோடுகள் இழுத்தால் அகலம் போதவில்லை. மார்பு முனையிலிருந்து இடுப்பின் பக்கவாட்டை நோக்கிச் சாய்ந்த கோடுகள் வந்து, முன்பக்க விளிம்பு பின்பக்கத்தைவிட உயர்ந்து நின்றால், அகலத்தோடு நீளமும் போதவில்லை என்று பொருள்: மார்பின் மேடு துணியை எடுத்துக்கொண்டுவிட்டது, டாட் வேண்டும், அதாவது துணியை முக்கோணமாக மடித்துப் பிடித்து மேட்டுக்கு இடம் தரும் தையல். சட்டை சதா பின்னால் சரிந்து கழுத்தை அழுத்தினால் உங்கள் தோள் முன்னால் வந்திருக்கிறது, தோள் தையலை அரை இன்ச் முன்னுக்கு நகர்த்தினால் நின்றுவிடும். முதுகில் இடுப்புக்கு மேல் துணி குவிந்தால் கீழ்முதுகின் வளைவுக்கு அங்கே நீளம் அதிகம்.

மலிவான ஆடைகளில் டாட் காணாமல் போனதற்குக் காரணம் செலவு. ஒவ்வொரு டாட்டும் ஒரு கூடுதல் தையல். அதற்குப் பதிலாக இழுவை நூல் (ஸ்பான்டெக்ஸ், லைக்ரா) கலந்த துணியைப் போட்டு, “நீளும், எல்லாருக்கும் பொருந்தும்” என்று விட்டுவிடுகிறார்கள். மார்பு பெரிதாக உள்ளவர்கள் பக்கவாட்டு டாட் அல்லது பிரின்சஸ் கட் உள்ளதை மட்டும் எடுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பிரின்சஸ் கட்டில் மார்பின் மேலேயே மேலிருந்து கீழாக நெடுந்தையல் ஓடுவதால் அங்கே பிரித்துவிடவும் பிடிக்கவும் இடமுண்டு. டாட்டாக இருந்தால் அதன் முனை மார்பு முனைக்கு 1 முதல் ஒன்றரை இன்ச் முன்பே முடிய வேண்டும். முனையிலேயே முடிந்தால் கூம்பு போல் நிற்கும்.

டாட் இல்லாத சட்டையில் புதிதாக டாட் போட முடியும், ஆனால் நீளம் கையிருப்பில் வேண்டும். பக்கத் தையலில் 1 இன்ச் டாட் பிடித்தால் முன்பக்க ஓரம் 1 இன்ச் குறையும்; பின்பக்கத்தின் கீழ் விளிம்பையும் அதற்கேற்ப வெட்ட வேண்டும். ஏற்கெனவே குட்டையான சட்டையில் இதைச் செய்தால் போடவே முடியாது.

பட்டன் பிளப்பதற்கு இறுக்கம் மட்டுமே காரணமில்லை. மார்பு முனைக்கு நேராக ஒரு பட்டன் இல்லாமல் இரண்டு பட்டன்களின் நடுவே அந்த மட்டம் விழுந்தால், தளர்ந்த சட்டையும் வாய் பிளக்கும். வாங்கும்போதே பாருங்கள். பிடித்த சட்டையாக இருந்தால் அந்த இடைவெளியில் உட்புறம் ஒரு சிறிய பிரஸ் பட்டன் வைத்துத் தைத்தால் போதும்.

தையல்காரரிடம் எதைக் கேட்கலாம்? பக்கத் தையலில் மொத்தம் 2 இன்ச் வரை பிடிக்கலாம், அதற்கு மேல் போனால் டாட்டும் பையும் இடம் மாறித் தெரியும். கை நீளம், கீழ் நீளம், பேண்டின் பின்னிடுப்பு ஆகியவை எளிது. தோளைக் குறைக்கக் கையைப் பிரித்து மறுபடி பொருத்த வேண்டும், நல்ல துணிக்கு மட்டும் செய்யத்தக்க வேலை. பிரித்துவிடுவது உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே உடையை உள்புறமாகத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். அரை இன்ச்சுக்கு மேல் துணி விட்டு, விளிம்பு பிரியாதபடி ஓவர்லாக் (நூல் சுற்றிய தையல்) செய்திருந்தால் எதிர்காலத்தில் உடம்பு மாறினாலும் கைகொடுக்கும். கால் இன்ச் விட்டு ஓவர்லாக்கிலேயே சேர்த்துத் தைத்திருந்தால் விடுவதற்கு ஒன்றுமில்லை. எந்தத் திருத்தத்துக்கும் முன் உடையை ஒருமுறை துவைத்துக் காயவைத்துக் கொடுங்கள். பருத்தி முதல் சலவையில் 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம். திருத்திய பிறகு சுருங்கினால் கூலியும் உடையும் சேர்ந்து போகும்.

பேண்டில் கணக்கு வேறு. புட்டத்துக்கும் தொடைக்கும் பொருந்துவதை எடுத்து, இடுப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். பின்பக்க நடுத் தையலில் ஒன்றரை முதல் 2 இன்ச் வரை பிடிக்கலாம், அதற்கு மேல் பின்பைகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அப்போது இடுப்புப்பட்டியின் பின்பாதியில் மட்டும் எலாஸ்டிக் கோர்ப்பது நல்ல தீர்வு. திருத்த முடியாதது பேண்டின் மேலுயரம், அதாவது கவட்டிலிருந்து இடுப்புப்பட்டிவரை உள்ள உயரம். கெட்டியான நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகைவரை பக்கவாட்டில் அளங்கள். பேண்டில் அந்த உயரம் அரை இன்ச்சாவது கூடுதலாக இருக்க வேண்டும். உட்காரும்போது பின்புறம் இறங்கினாலும், கவட்டிலிருந்து விசிறிபோல் கோடுகள் கிளம்பினாலும் அது குறைவு. சைஸ் கூட்டிப் பயனில்லை, வேறு வெட்டுக்குப் போங்கள்.

பாங்காகத் தெரிவது பற்றி ஒரு சொல். கறுப்பு ஒல்லியாகக் காட்டும், குறுக்குக் கோடு குண்டாகக் காட்டும் என்ற அறிவுரைகளைவிட, உடை எங்கே முடிகிறது என்பது முக்கியம். விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே கண் நிற்கும். புட்டத்தின் அகன்ற இடத்தில் முடியும் டாப்ஸை 2 இன்ச் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள். மேல்கை பருத்த இடத்தில் முடியும் கையைவிட முழங்கையை ஒட்டி முடியும் கை நன்றாக இருக்கும். பை போன்ற உடை மறைப்பதில்லை. மார்பின் அகலத்தையே கீழ்வரை இறக்கி உடம்பு முழுவதும் அவ்வளவு என்று காட்டுகிறது. தோளும் மார்புக்குக் கீழும் உடம்பை ஒட்டிவிட்டு, வயிற்றில் தொடாமல் விழும் வெட்டு பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது.

இனி துணி. ஓர் ஓரத்தைக் கைக்குள் 10 விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். கசங்கியது கசங்கியபடியே நின்றால் நாள் முழுக்க அப்படித்தான். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் திட்டுத் திட்டாக இழை தெரியக் கூடாது. டி-ஷர்ட் துணி சதுர மீட்டருக்கு 180 கிராமாவது இருந்தால் உடம்பின் மடிப்புகளை அப்பட்டமாகக் காட்டாது. 140 கிராம் துணி காட்டும். பேண்டுக்கு 220க்கு மேல் பாருங்கள். இழுவை நூல் 2, 3 சதவீதம் போதும். துணியை இழுத்துவிட்டால் உடனே பழைய நிலைக்கு வர வேண்டும், கடையிலேயே அலை விழுந்தால் நான்காவது சலவையில் முழங்கால் துருத்தும். உட்புறத்தை விரலால் வேகமாகத் தேய்த்தால் நுண்ணிழை எழும்புகிறதா? குட்டை இழைத் துணி, உருண்டை உருண்டையாகத் திரளும். பாலியெஸ்டர் கலந்திருந்தால் அந்த உருண்டைகள் உதிரவும் செய்யாது.

தையலில் ஒரு இன்ச்சுக்கு 10 முதல் 12 குத்து இருக்க வேண்டும். பக்கத் தையலின் இருபுறமும் பிடித்து மெல்ல இழுங்கள். நூலைச் சுற்றித் துணியில் இடைவெளி விழுந்தால் அங்கேதான் கிழியும். டி-ஷர்ட்டை நீளவாக்கில் மடித்துப் பாருங்கள். இரண்டு பக்கத் தையலும் ஒன்றின் மேல் ஒன்று படியாமல் திருகியிருந்தால், துவைக்கத் துவைக்க ஒரு தையல் வயிற்றுக்கு வந்துவிடும், சரிசெய்ய வழியே இல்லை.

தொய்வதைத் தடுக்கச் சலவையில் கவனிக்க வேண்டியவை சிலவே. இழுவை நூலைக் கெடுப்பது வெப்பம்: குளிர்ந்த நீர், நிழல், மிதமான இஸ்திரி. விஸ்கோஸ், ரேயான் துணிகள் நனைந்தால் வலுவில் பெரும்பகுதியை இழக்கும், முறுக்கிப் பிழியக் கூடாது. கனத்த பின்னலாடையைக் கொடியில் தொங்கவிட்டால் நீரின் எடையே இழுத்துவிடும், விரித்துக் காயவையுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகு உங்களுக்குக் கச்சிதமாக அமைந்த ஒன்று கிடைத்தால் அதன் தோள் அகலம், கைக்குழி, மேலுயரம், துணிக் கலவை நான்கையும் குறித்துவையுங்கள். அது நீளாத துணியில் தைத்ததாக இருந்தால், அதே துணி எடையில் நீளாத துணி எடுத்து, அந்த உடையையே மாதிரியாகக் கொடுத்துத் தைக்கச் சொல்லலாம். உடையைப் பிரிக்காமல் பேப்பரில் வரைந்தெடுக்கத் தெரிந்த தையல்காரராகப் பாருங்கள். பின்னலாடையை மாதிரியாக வைத்து நெய்த துணியில் தைக்கச் சொல்லாதீர்கள், மார்பில் 2, 3 இன்ச் குறைந்து வரும். முதலில் ஒன்று மட்டும் தைத்து, ஒரு நாள் முழுக்கப் போட்டு உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு மற்றவற்றைக் கொடுங்கள்.