கொலாஜன் ஊசி: சேலம் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "கொலாஜன் ஊசி" பற்றித்தான். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊசி மருந்துக்குள் கொலாஜன் கிடையாது. தோலுக்கு அடியில் இருக்கும் கொலாஜன் என்ற புரத நார்கள் கயிற்றுக் கட்டிலின் கயிறு மாதிரி. வயதாக ஆக அவை நைந்து, கட்டில் தொய்கிறது. இந்த ஊசி உங்கள் உடம்பையே புதுக் கயிறு திரிக்க வைக்கிறது, அவ்வளவுதான்.

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. அதற்குள் கன்னம் ஒட்டிப்போய், மூக்கோரக் கோடுகள் ஆழமாகிவிட்டன. ஃபில்லர், போடாக்ஸ், கொலாஜன் ஊசி என்று மூன்று பெயர் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றா? (அம்மாபேட்டை வாசகி, 52)

உங்களுக்கு நடந்தது கற்பனை இல்லை, அம்மா. மாதவிலக்கு நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜன் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். "திடீரென்று வயசாகிடுச்சு" என்று பெண்கள் சொல்வது இதைத்தான்.

மூன்றும் வேறு வேறு. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். நெற்றிச் சுருக்கத்துக்கு ஆகும், ஒட்டிய கன்னத்துக்கு ஆகாது. ஹயலுரானிக் அமில ஃபில்லர் பள்ளத்தை அன்றைக்கே நிரப்பும். கொலாஜனைத் தூண்டும் ஊசியில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, பாலி-எல்-லாக்டிக் அமிலம். ஸ்கல்ப்ட்ரா என்ற பெயரில் வருகிறது. தானாகக் கரையும் தையல் நூல்கள் செய்யும் அதே குடும்பத்துப் பொருள். அமெரிக்காவில் 2004இல் எச்.ஐ.வி. நோயாளிகளின் ஒட்டிய கன்னத்துக்காக அனுமதி பெற்றது, அழகு சிகிச்சைக்கு 2009இல்தான். இன்னொன்று, நம் எலும்பில் இருப்பது போன்ற கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட்; ரேடியஸ் என்பது அதன் பெயர். இந்த நுண்துகள்களை உடம்பு அந்நியப் பொருளாகப் பார்த்து, சுற்றிலும் கொலாஜன் நாரைப் பின்னுகிறது. துகள் மெல்லக் கரைந்து போகும், நார் நிற்கும். லாக்டிக் அமில ஊசியின் பலன் 2 ஆண்டு வரையும், கால்சியம் ஊசியின் பலன் ஒன்று, ஒன்றரை ஆண்டும் இருக்கலாம்.

மூன்று வாரத்தில் மகள் கல்யாணம். இப்போது போட்டுக்கொண்டால் போட்டோவில் நன்றாக வருமா? (ஃபேர்லேண்ட்ஸ் வாசகி, 49)

வராது. லாக்டிக் அமில ஊசியை வழக்கமாக 4 முதல் 6 வார இடைவெளியில் 3 முறை போட வேண்டும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஊசி போட்ட அன்று கன்னம் உப்பியிருக்கும். அது மருந்தோடு சேர்த்த தண்ணீர். சில நாளில் வற்றிவிடும். அப்போதுதான் பலர் "காசெல்லாம் போச்சே டாக்டர்" என்று பதறி போன் செய்வார்கள். கல்யாணத்துக்கு என்றால் ஆறேழு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். இப்போது போட்டால் ரத்தக்கட்டோடு மணமேடையில் நிற்க நேரலாம், வேண்டாம். நன்றாகத் தூங்குங்கள், அது போதும்.

எங்கள் ஊர் பியூட்டி பார்லரில் பாதி விலைக்குப் போடுகிறார்கள். போட்டுக்கொள்ளலாமா? (ஆத்தூர் வாசகி, 41)

கூடாது. என்னிடம் ஒரு பெண் வந்தார், உங்கள் வயதுதான். எங்கோ, யாரோ போட்ட ஊசி. கண்ணுக்குக் கீழே நான்கு உருண்டைகள், ஊறவைத்த ஜவ்வரிசி அளவில். விரலை வைத்தால் தோலுக்கு அடியில் உருண்டன. ஸ்டீராய்டு ஊசி போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, இரண்டு மறைந்தன. மற்ற இரண்டும் சிறுத்தன, போகவில்லை. மருந்தைக் கெட்டியாகக் கலந்தாலோ, மேலாகப் போட்டாலோ, கண்ணோரம், உதடு போன்ற மெல்லிய இடத்தில் போட்டாலோ இப்படி ஆகும். முன்பு ஸ்கல்ப்ட்ராவில் 5 மி.லி. தண்ணீர் சேர்ப்பார்கள். இப்போது 8 மி.லி. தண்ணீரும், வலி தெரியாமல் மரத்துப்போக வைக்கும் லிடோகெயின் 1 மி.லி.யும். கலப்பதில் அவ்வளவு கவனம் தேவை.

ஹயலுரானிக் ஃபில்லர் தப்பாகிவிட்டால் கரைக்க ஹயலுரானிடேஸ் என்ற மருந்து இருக்கிறது. கொலாஜனைத் தூண்டும் இரண்டு ஊசிக்கும் அப்படி ஒன்று இல்லை. உள்ளே போனது போனதுதான். அதைவிடப் பெரிய ஆபத்து, மருந்து ரத்தக்குழாய்க்குள் போவது. தோல் வெளுக்கும், பிறகு வலை போட்டதுபோல் நீலம் பாய்ந்து கடுமையாக வலிக்கும். அபூர்வமாகப் பார்வையே போயிருக்கிறது. போட்டவுடன் கண் மங்கினாலோ தோல் வெளுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

போடுவதாக இருந்தால் தோல் மருத்துவரிடமோ பிளாஸ்டிக் சர்ஜனிடமோ போங்கள். மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதில் தயக்கமே வேண்டாம். குப்பியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லி, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரை உங்கள் சீட்டில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். லாக்டிக் அமில ஊசி என்றால் வீட்டில் 5 நிமிடம், நாளைக்கு 5 முறை, 5 நாள் முகத்தை நீவிவிட வேண்டும். இதைச் சொல்லித் தராமல் அனுப்பினால் அங்கே மறுபடி போகாதீர்கள்.

லாரி ஓட்டுகிறேன், 20 வருடமாக. முகத்தின் வலது பக்கம் மட்டும் சுருக்கம் அதிகம். ஏதாவது வியாதியா? (சங்ககிரி வாசகர், 46)

வியாதி இல்லை, வெயில். உங்கள் ஜன்னல் வலது பக்கம். கண்ணாடியை ஏற்றிவிட்டாலும் புற ஊதா 'ஏ' கதிர் ஊடுருவி வரும். கொலாஜனை அறுப்பது அதுதான். ஊசியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். காலையில் வண்டி எடுக்கும் முன் முகம், காது, கழுத்து எல்லாம் சன்ஸ்கிரீன், டீக்கு நிறுத்தும்போது மறுபடி ஒருமுறை. பீடி, சிகரெட் உண்டென்றால் அதையும் விடுங்கள். வலது கன்னத்தில் ஆறாத புண்ணோ, நிறம் மாறும் மச்சமோ இருந்தால் நேரில் வாருங்கள்.

ஏற்காட்டில் குளிர்தானே, எங்களுக்கு எதற்கு சன்ஸ்கிரீன்? கன்னத்தில் மங்கும் இருக்கிறது. ஊசி போட்டால் போகுமா? (ஏற்காடு வாசகி, 38)

மங்கு ஊசியால் போகாது. அது நிறமி, தொய்வு இல்லை. குளிரை நம்பி ஏமாறாதீர்கள். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதா கதிர் 10 சதவீதம் போல் கூடும். சேலத்து வெயில் சுடும், அதனால் ஓரமாக ஒதுங்குவோம். உங்கள் வெயில் சுடாது, காப்பித் தோட்டத்தில் மணிக்கணக்கில் நிற்பீர்கள். எஸ்.பி.எஃப். 30க்கு மேல், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள், மங்குக்கு அது நல்லது. இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசி, அகலமான தொப்பியும் போடுங்கள்.

ஆட்டுக்கால் சூப்பில் கொலாஜன் இருக்கிறதே, தினமும் குடித்தால் போதாதா? (குகை வாசகர், 58)

ருசிக்குக் குடியுங்கள். வயிற்றில் அது மற்றப் புரதத்தைப் போலச் செரித்துப் போகும். நேராகக் கன்னத்துக்குப் போய்ச் சேராது. விலை கூடிய கொலாஜன் பொடிக்கும் இதே பதில்தான்.

குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன். போடலாமா? (மேட்டூர் வாசகி, 34)

இப்போது வேண்டாம். பால் மறந்த பிறகு வாருங்கள். சின்னக் காயம்கூடத் தடித்த தழும்பாக மாறும் உடம்பு என்றால், அதையும் அப்போது மறக்காமல் சொல்லுங்கள்.