வாலில்லா அல்ட்ராலைட்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வாலில்லாத சிறு விமானங்களைப் பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். எடை மையம் பற்றிய பதில் மட்டும் நீளம், அதை அவசரப்படாமல் படியுங்கள்.

வாலே இல்லாமல் மூக்கு கவிழாமல் எப்படி நிற்கிறது?

சாதாரண இறக்கை தனியாகப் பறந்தால் மூக்கைக் கீழே தள்ளும், அதை வால்தான் பின்னாலிருந்து சமன் செய்கிறது. வால் இல்லையென்றால் அந்த வேலையை இறக்கையே செய்தாக வேண்டும், அதற்கு இரண்டு வழி. ஒன்று, இறக்கையின் பின்விளிம்பைச் சற்று மேலே வளைப்பது, அதாவது ரிஃப்ளெக்ஸ். பிரெஞ்சு வடிவமைப்பாளர் சார்ல் ஃபோவெல் வடிவமைத்து 1951-இல் பறந்த ஏ.வி.36 கிளைடர் இந்த வகை. இன்னொன்று, இறக்கையைப் பின்னோக்கிச் சாய்த்து, நுனிகளைக் கீழ்நோக்கி முறுக்குவது, அதாவது வாஷ்-அவுட். பின்னால் இருக்கும் நுனிதான் அங்கே வால். பிரிட்டிஷ் முன்னோடி ஜே.டபிள்யூ. டன் 1910-லேயே இப்படிப் பறந்து காட்டிவிட்டார்.

வாலை எடுத்தால் எடையும் இழுவையும் குறையுமே, அப்புறம் ஏன் எல்லோரும் இதைச் செய்வதில்லை?

குறையும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. மூக்கை நிமிர்த்த இறக்கையின் ஒரு பகுதி எப்போதும் கீழ்நோக்கி வேலை செய்வதால் மொத்தத் தூக்குவிசை குறைகிறது, மெதுவாக இறங்குவதற்காகப் பின்விளிம்பில் கீழே மடக்கும் ஃப்ளாப்பும் சுலபமாக வைக்க முடியாது, இறக்கினால் மூக்கு கவிழும். ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை தூக்க மறுக்கும் வேகம், அதேயாக வேண்டுமென்றால் இறக்கை பெரிதாக வேண்டும், பெரிய இறக்கை என்றால் எடை. 1980களின் இறுதியில் வந்த ஸ்விஃப்ட் கிளைடரில் ஃப்ளாப்பை உடலுக்கு ஒட்டிய பகுதியில் வைத்தார்கள். சாய்ந்த இறக்கையில் அந்த இடம் முன்னால் இருப்பதால் இறக்கினாலும் மூக்கு கவிழ்வதில்லை. இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்த தீர்வு இதுதான்.

கட்டி முடித்துப் பார்த்தால் எடை மையம் வரைபடம் சொல்வதைவிட 4 செ.மீ. பின்னால் இருக்கிறது. இவ்வளவுதானே, பறக்கலாமா?

கூடாது. கணக்கைப் பாருங்கள்: உங்கள் இறக்கையின் சராசரி முன்பின் அகலம் 1.5 மீட்டர், எடை மையம் நடுநிலைப் புள்ளிக்கு (எடை மையம் அங்கே வந்துவிட்டால் நிலைத்தன்மை பூஜ்யம்) அந்த அகலத்தில் 6 சதவீதம் முன்னால் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது வெறும் 9 செ.மீ. அதில் 4 போய்விட்டால் நிலைத்தன்மையில் பாதிக்குக் கொஞ்சம்தான் குறைவு, அத்தனையும் காலி. வால் உள்ள விமானத்தில் இந்த 4 செ.மீ. ஒருவேளை தெரியாமலே போகலாம், அங்கே வால் நடுநிலைப் புள்ளியை நன்றாகப் பின்னுக்கு இழுத்து வைத்திருக்கும், இங்கே அந்தச் சலுகை கிடையாது.

இதில் உண்மையான ஆபத்து தலைகுப்புற உருள்வது. பலமான கொந்தளிப்பில் மூக்கு ஒருமுறை செங்குத்தாகக் கீழே போய்ச் சுழலத் தொடங்கினால், அதைத் தடுக்கப் பின்னால் எதுவுமில்லை, கரணம் அடித்துக்கொண்டே போகும். விமானி தொங்கியபடி ஓட்டும் ஹேங் கிளைடர்களில் பின்விளிம்பைத் தூக்கிப் பிடிக்கும் கயிறுகள் இருப்பது இதைத் தவிர்க்கத்தான்.

ஆகவே எடை போடும்போது நீங்களே உட்காருங்கள், ஹெல்மெட், காலணி, பாராசூட் எல்லாவற்றோடும். ஒவ்வொரு சக்கரத்தின் கீழும் தராசு, இறக்கை பறக்கும் நிலையில் மட்டமாக, எரிபொருள் நிரப்பி ஒருமுறை, காலியாக ஒருமுறை. பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள், போதாவிட்டால் மூக்கில் ஈயம் வையுங்கள். கூடும் எடைக்காக வருத்தப்பட வேண்டாம்.

மூக்கு மேலும் கீழுமாகத் துள்ளுகிறது, நிறுத்தவே முடியவில்லை. வடிவமைப்பில் கோளாறா?

முதலில் எடை மையத்தைச் சரிபாருங்கள். அது சரியென்றால் பெரும்பாலும் உங்கள் கைதான் காரணம். ஆட்டத்தை அடக்கும் விசை, வால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அதன் வர்க்கத்தைப் பொறுத்தது: தூரம் பாதியானால் அடக்கம் கால் பங்கு. வாலில்லாததில் அந்தத் தூரம் மிகக் குறைவு, முன்பின் நிலைமமும் குறைவு, அதனால் கட்டுப்பாட்டுக் குச்சியைத் தொட்டதுமே மூக்கு நகரும். நீங்கள் திருத்துவதற்குள் அது தானாகத் திரும்பியிருக்கும், உங்கள் திருத்தம் அடுத்த ஆட்டத்தைக் கிளப்பும். முன்கையைத் தொடையில் வைத்து, மணிக்கட்டால் மட்டும் ஓட்டுங்கள். துள்ளல் ஆரம்பித்தால் துரத்தாமல் குச்சியை ஒரே இடத்தில் பிடியுங்கள். முதல் பறத்தல்கள் காற்றே இல்லாத அதிகாலையில் மட்டும்.

இறங்கும்போது குச்சியை இழுத்ததும் தொப்பென்று விழுகிறதே?

குச்சியை இழுத்தால் எலிவான், அதாவது மூக்கை ஏற்றி இறக்கவும் பக்கவாட்டில் சாய்க்கவும் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் அசையும் பலகை, மேலே எழும். அதைத் தூக்கினால் முதலில் நடப்பது தூக்குவிசை குறைவது, அதற்குப் பிறகுதான் மூக்கு எழுந்து தூக்குவிசை கூடும். தரைக்கு அரை மீட்டர் மேலே அந்த இடைவெளிக்கு நேரம் கிடையாது. வேகத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைத்துக்கொண்டு, சற்று முன்னதாகவே மெதுவாக இழுக்கத் தொடங்குங்கள்.

திரும்ப ரட்டர் (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் செங்குத்துப் பலகை) வேண்டாமா?

ஏதோ ஒன்று வேண்டும். எலிவானை மட்டும் வைத்துத் திரும்பினால் மூக்கு எதிர்ப்பக்கம் போக முயலும். ஜான் மூடி 1975-இல் எஞ்சின் பொருத்தி, காலால் ஓடியே கிளம்பிய ஐகாரஸ் 2 ஹேங் கிளைடர், அதன் வழியில் வந்த ஈஸி ரைசர் இரண்டிலும் நுனி ரட்டர்தான் திருப்பும், மூக்கை ஏற்றி இறக்குவது விமானியின் உடல் எடை. வாலில்லா விமானங்களைக் கட்டிய ஜெர்மானியரான ஹோர்ட்டன் சகோதரர்கள் வேறு வழியில் போனார்கள்: நுனியை நோக்கித் தூக்குவிசையை மணி வடிவத்தில் குறைத்துக்கொண்டே போனால் செங்குத்துப் பரப்பே தேவையில்லை என்பது அவர்கள் கணக்கு. அழகான யோசனை, ஆனால் முறுக்கு மிகத் துல்லியமாக வர வேண்டும். முதல்முறை கட்டுபவருக்கு நுனி ரட்டரைத்தான் சொல்வேன்.

ஸ்பின்னே (ஸ்டால் ஆகிச் சுழன்றபடி விழுவது) வராது என்று விற்பவர் சொல்கிறார், நம்பலாமா?

எடை மையம் முன் எல்லையில் இருந்தால் பல நேர்-இறக்கை வடிவங்களில் முழு ஸ்டாலுக்குப் போகவே எலிவானுக்குத் திராணி இருக்காது, அதைத்தான் சொல்கிறார். பின்னால் நகர்ந்துவிட்டால் அந்தப் பேச்சு செல்லாது. சாய்ந்த இறக்கையில் முறுக்கு போதாவிட்டால் நுனி முதலில் ஸ்டால் ஆகி மூக்கு இன்னும் மேலே போகும், ஒரு நுனி முந்தினால் சுழலும்.

பெரிய ப்ரொப்பெல்லருக்காக எஞ்சினை 20 செ.மீ. உயர்த்தலாமா?

உயர்த்தினால் முழு த்ராட்டிலில் மூக்கு கீழே அழுந்தும், அதை நிமிர்த்த எலிவானைத் தூக்குவீர்கள், தூக்குவிசை போகும், ஓட்டமும் நீளும். அதைவிட மோசம், ஏறும்போது எஞ்சின் நின்றால்: வேகம் குறையும் அதே நேரத்தில் மூக்கு தானாக மேலே போகும், உடனே முன்னால் தள்ளியாக வேண்டும். எஞ்சினை இருக்கும் உயரத்திலேயே விட்டு, சக்கரக் கால்களை நீட்டுங்கள், அல்லது விட்டம் குறைந்த, மூன்று தகடுகள் கொண்ட ப்ரொப்பெல்லர் போடுங்கள்.